மலட்டுப்பூ

“தாயே, நாச்சிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

கேட்டது உடையப்பன். கேட்ட கையோடு கன்னத்தில் இரண்டு போட்டுக்கொண்டார். நாச்சி கைக்கெட்டும் தூரத்தில், புன்னை மரத்தடியில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழாமலா போகும்?

சாமியம்மா சிரித்தாள்.

“என்ன ஆச்சு பெரியவரே?”

“இன்னிக்கும் பிஞ்சு உதிர்ந்து கெடக்கு. ஒரு வீடு பாக்கி இல்ல. கொடியைப் பார்த்தா பச்சைப்பசேல்னு ஓடுது. பிஞ்சு மட்டும் தங்க மாட்டேங்குது.”

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். எலுமிச்சை அளவுக்கு ஒரு பரங்கிப் பிஞ்சு, மஞ்சளாய் வெம்பிச் சூம்பியிருந்தது.

சாமியம்மா அதை வாங்கிப் பார்த்தாள். நாச்சியின் காலடியில் வைத்தாள்.

“யாத்தே! உதிர்ந்ததைப் போய் அங்க வைக்கிறீங்களே!” என்று உடையப்பன் பதறி அதை எடுத்துத் தூர எறிந்தார்.

இவர்கள் இரண்டு பேரும் குருவும் சீடனும். குரு சீடன் என்றதும் உங்களுக்கு ஒரு படம் மனசில் வந்திருக்கும். தாடிக்காரக் கிழவர் மேலே, விடலைப் பையன் கீழே. அதை அப்படியே தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். சாமியம்மாவுக்கு உடையப்பனின் மகள் வயதுதான். ஏதோ ஓர் உப்புத் தோணியில் வந்து இறங்கியவள், நாச்சியின் மரத்தடியிலேயே குடிசை போட்டுத் தங்கிவிட்டாள். உடையப்பன் தலை நரைத்த தோணிக்காரர். பேரப்பிள்ளை எடுக்க வேண்டிய வயதில், மகள் வயதுப் பெண் காலில் விழுந்து, “எனக்கு நல்ல வழி காட்டுங்க தாயே” என்றவர். ஊரே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பேரப்பிள்ளை என்று சொன்னேன் இல்லையா? அங்கேதான் வினை.

உடையப்பனுக்கு ஒரே மகள், ராக்கு. கல்யாணமாகி இரண்டு தடவை வயிற்றில் சுமந்தாள். இரண்டும் தங்கவில்லை. முதலாவது அரைகுறையில் போனது. இரண்டாவது நிறைமாசத்தில் பிறந்து, அழாமலே போனது. இரண்டையும் வடகோடிச் சுடுகாட்டு மணலில் குழி தோண்டி வைத்தவர் உடையப்பன்தான். எரிக்க விறகில்லாத தீவு அது, புதைப்பதுதான் வழக்கம். ஆனாலும் பேர் என்னவோ சுடுகாடு.

மூன்றாவது தடவை ராக்கு முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே அவர் நாச்சி முன்னால் விழுந்தார்.

“இது தங்கட்டும் ஆத்தா. பிள்ளை மண்ணில விழுற வரைக்கும் தினம் விடியல்ல வண்டு தொடாத பூவாக் கொண்டாந்து உன் மேல கொட்டுறேன்.”

வண்டு தொடாத பூ. எல்லாச் சாமிக்கும் உகந்தது அதுதானே. வண்டு வாய் வைத்துவிட்டால் பூ எச்சில். எச்சிலைச் சாமிக்கு வைப்பார்களா?

ஆனால் அந்தத் தீவில் பூவுக்கு எங்கே போவது? உப்புக் காற்றில் மல்லிகை நிற்காது. கரையெல்லாம் அடம்பங்கொடி ஊதாப் பூவாய்ப் பூத்துக் கிடக்கும், நண்டு ஏறி ஆடு மிதிக்கிற பூ. அதை யாரும் சாமிக்கு வைப்பதில்லை. பீர்க்கு இரண்டு மூன்று வேலியில் படர்ந்திருந்தது. அது பொழுது சாயும்போது பூக்கிற பூ. விடியலுக்கு என்று சொன்னால் பரங்கிப்பூதான் உண்டு. பொன்னாய்ப் பூக்கும். வீட்டுக்கு வீடு கொடி.

தீவில் மணி பார்ப்பதும் பூவை வைத்துத்தான். பரங்கி விரிந்தால் விடிந்தது. அடம்பு சுருங்கினால் உச்சி. “பீர்க்கு பூத்துடுச்சு, இன்னும் உலை வைக்கலையாடி?” என்று மாமியார்கள் கத்துவார்கள்.

பரங்கிக் கொடியில் இரண்டு விதமாய்ப் பூ வரும். ஒன்று அடியில் குட்டிக் காயோடு வரும். இன்னொன்று வெறும் காம்பில் நிற்கும். பூக்கும், வாடும், விழும், அவ்வளவுதான். தீவுக்காரர்கள் அதை மலட்டுப்பூ என்பார்கள். கடலில் எந்த மீன் எங்கே மேயும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். கொடியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். விதையைக் குப்பையில் வீசினால் முளைக்கும், முளைத்தால் காய்க்கும். காய்த்ததைக் கட்டிலுக்கு அடியில் உருட்டி விட்டால் புயல் மாசம் முழுக்க வைத்துச் சாப்பிடலாம். அக்கரையிலிருந்து அரிசித் தோணி வராது, கடலுக்கும் போக முடியாது. அந்த நாளில் பரங்கிதான் சோறு.

உடையப்பன் மலட்டுப்பூவை மட்டும்தான் பறித்தார். பிஞ்சு இருக்கிற பூவில் அவர் விரல்கூடப் பட்டதில்லை.

“பிள்ளைத்தாச்சியை வீட்டுல வச்சுக்கிட்டுப் பிஞ்சுப் பூவைப் பறிப்பேனா? எனக்கென்ன புத்தி கெட்டா போச்சு?” என்பார்.

ஊரும் இரக்கப்பட்டது. ராக்கு எல்லார் வீட்டிலும் வளர்ந்த பெண். “தாராளமாப் பறிச்சுக்க அண்ணே, மலட்டுப்பூ எங்களுக்கு எதுக்கு?” என்று படலைத் திறந்து விட்டார்கள்.

புன்னை மரப் பொந்தில் தேனீக் கூடு ஒன்று இருந்தது. தீவிலேயே அது ஒன்றுதான். வெளிச்சம் வந்ததும் தேனீ கிளம்பிவிடும். உடையப்பன் அதற்கு முன்னால் கிளம்பிவிடுவார். கிழக்கு லேசாய் வெளுக்கும்போதே, இதழ் முறுக்கு அவிழும் முன்னாலேயே பறித்துக் கூடையில் போடுவார். மேலே ஈரமான வெள்ளைத் துணியைப் போட்டு மூடுவார். நாச்சி மேல் கொட்டின பிறகும் விட மாட்டார். பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற தேனீயை எல்லாம் விரட்டுவார். பூ வாடும்வரை விரட்டுவார். அவர் விரல் இடுக்கில் மஞ்சள் பொடி அப்பியிருக்கும். கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கும்.

சாமியம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பிஞ்சு உதிர ஆரம்பித்ததும் ஒருநாள் கேட்டாள்.

“அந்தத் துணியை எடுத்தா என்ன?”

“வண்டு எச்சில் பண்ணிடும் தாயே.”

“பண்ணட்டுமே. உங்க தலைக்கு மேலதான் அது குடியிருக்கு. நாச்சி வச்சிருக்கிற பிள்ளைங்க மாதிரி.”

“நீங்க சொல்லுவீங்க. நேர்ந்துக்கிட்டது நானுல்ல?”

அவர் விசிறியை ஆட்டினார்.

இன்னொரு நாள்.

“பெரியவரே, பீர்க்கு காய்க்குதா?”

“அது காய்க்குது. வேலி தாங்காமத் தொங்குது. இருந்து என்ன பிரயோசனம்? ரெண்டு நாள் வச்சா நாரு. புயலுக்கு வச்சுத் திங்க முடியுமா?”

“பீர்க்கம்பூவை நீங்க பறிக்கிறது இல்லையே?”

“அந்தியில பூக்குற பூ நாச்சிக்கு ஆகாது தாயே.”

சாமியம்மா நாச்சி மேல் கிடந்த பூவைப் பார்த்தாள்.

“அப்போ நாச்சிக்கு ஆகாததுதான் காய்க்குது.”

உடையப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“வெளையாடாதீங்க தாயே. வயிறு எரியுது எனக்கு.”

வயிறு எரிந்தது அவருக்கு மட்டும் இல்லை. வீட்டுக்கு வீடு பெண்கள் கொடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். கீழே வெம்பின பிஞ்சாய்க் கிடந்தது. கண்ணேறு என்றாள் ஒருத்தி. உப்புக் காற்று என்றாள் இன்னொருத்தி. கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாச்சிக்கு ஏதோ குறை. பூ போதவில்லை.

அப்புறம் கேட்பானேன். உடையப்பனோடு ஊரும் சேர்ந்துகொண்டது. அவர் கண்ணில் படாமல் தப்பின மலட்டுப்பூவைக்கூட இலைக்கு அடியில் தேடிப் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்றைக்கூட வண்டு தொட விடவில்லை. நாச்சி கழுத்துவரை பொன்னில் மூழ்கி இருந்தாள். சாமியம்மாவே ஒரு காலையில், “எவ்வளவு அழகா இருக்கு!” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக முகம் சுளித்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் உடையப்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“நாளைக்கு ஒரு விடியல் பறிக்காதீங்க.”

“ஐயய்யோ!”

“ஒரே ஒரு விடியல். பிஞ்சு உள்ள பூவா ஒண்ணைப் பார்த்து, அது முன்னால போய் உட்காருங்க. விரியுறதுல இருந்து மூடுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. யாரு வர்றா, யாரு போறான்னு பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க.”

“எதுக்குத் தாயே?”

“தெரியலை. நீங்க சொன்னா எனக்கும் தெரியும்.”

குரு சொல்லிவிட்டாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பொழுது சாய ராக்குவுக்கு இடுப்பு வலித்தது. வந்த வலி கொஞ்ச நேரத்தில் நின்றும் போனது. முழுகாமல் இருக்கிற பெண்ணுக்கு இடுப்பு வலிக்கும், அதில் அதிசயம் என்ன இருக்கிறது? ஆனால் உடையப்பனுக்கு அது வெறும் வலியாகத் தெரியவில்லை. பறிக்காமல் இருக்கலாம் என்று நினைத்ததற்கே நாச்சி காட்டிவிட்டாள். பறிக்காமலே இருந்திருந்தால்?

மறுநாள் விடியலில் அவர் கூடையில் வழக்கத்தைவிடப் பூ அதிகம்.

சாமியம்மா கூடையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“ராக்குவுக்கு வலி தாயே,” என்றார்.

“சரி.”

“கோவமா?”

“இல்ல.”

“பின்னே?”

“பயம்,” என்றாள் சாமியம்மா. எழுந்து குடிசைக்குள் போய்விட்டாள்.

புயல் மாசம் வந்தது.

ராக்குவின் புருஷன் அக்கரைக்கு வலை வாங்கப் போனவன், அங்கேயே மாட்டிக்கொண்டான். கடல் சுவராய் எழுந்து நின்றது. தோணிகளைக் கவிழ்த்துப் போட்டு மணலை ஏற்றி வைத்தார்கள். எல்லா வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் இந்த வருஷம் வெறும் தரைதான்.

முதலில் அரிசி தீர்ந்தது. பிறகு கருவாடு தீர்ந்தது. பீர்க்கங்கொடியைக் காற்று வேலியோடு பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம் பரங்கி இலையை வேகவைத்துத் தின்றார்கள். தின்ன முடிகிற தளிர் தீர்ந்ததும் முற்றிய இலையையும் தின்றார்கள். பிள்ளைகள் அழுதார்கள். பிறகு அழுவதையும் நிறுத்தினார்கள். அது அழுகையைவிடக் கேட்க முடியாததாக இருந்தது.

சாமியம்மா வீடுகளுக்குப் பிச்சைக்குப் போவதை நிறுத்தினாள். யாராவது அவளைத் தேடி வந்து கொஞ்சம் கஞ்சித் தண்ணி கொடுத்தால், அதைக் கொட்டாங்கச்சியில் ஊற்றிக்கொண்டு மழையில் நடந்து ராக்குவிடம் போவாள்.

“குடி.”

“நீங்க?”

“நான் குடிச்சிட்டேன்.”

“பொய் சொல்றீங்க சாமியம்மா.”

“ஆமா. குடி.”

ராக்கு குடித்தாள். வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. கையும் காலும் குச்சி. கன்னத்தில் எலும்பு தெரிந்தது. “அப்பா, பரங்கிக் கூட்டு தின்னணும் போல இருக்கு,” என்று ஒருநாள் சொன்னாள். போன தடவை மசக்கையிலும் அவள் கேட்டது அதைத்தான். உடையப்பன் வெளியே போய் மழையில் நின்று அழுதார்.

மழையிலும் அவர் விடியலில் கூடையோடு போவதை விடவில்லை. காற்றுக்கு மிஞ்சின கொடியில் என்ன இருக்கிறதோ அதைப் பறித்தார்.

ஒரு நாள் விசிறியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அன்னிக்கு ஏன் தாயே பறிக்க வேணாம்னு சொன்னீங்க?”

சாமியம்மா நேரே அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்கு ஏதோ பாதி தோணிச்சு. பாதியை வச்சுக்கிட்டு உங்க நேர்த்தியில கை வைக்க எனக்குத் துணிச்சல் வரல. நாளைக்கு ராக்குவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ‘இவதான் கெடுத்தா’ன்னு சொல்லுவீங்களேன்னு இருந்துச்சு.”

“நான் சொல்லுவேனா?”

“நீங்க சொல்ல மாட்டீங்க. நான் எனக்குச் சொல்லிக்குவேன்.”

மற்றப் பாதி என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பசியில் கேள்விகூட அரைகுறையாகத்தான் வருகிறது.

ராக்குவுக்கு நாள் வந்துவிட்டது.

பரங்கி விரிகிற நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண். அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டு உடையப்பன் வாசலில் மழைச் சேற்றிலேயே விழுந்து, நாச்சி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். “தங்கிடுச்சு, தங்கிடுச்சு” என்று பைத்தியக்காரர்போலத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிள்ளை ஒரு கைக்குள் அடங்கியது. உரித்த கோழிக்குஞ்சு அளவுகூட இல்லை. ராக்குவின் மாரில் வாய் வைத்தது. இழுத்தது. அவளிடம் ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தது. தெருவில் இன்னொரு பிள்ளைக்காரி இருந்தாள், அவளும் வந்து மார் கொடுத்துப் பார்த்தாள். அவளும் இலை தின்றவள்தான். சாமியம்மா துணியை நனைத்துச் சொட்டுச் சொட்டாய் வெந்நீர் விட்டாள்.

அடம்பு சுருங்குகிற நேரத்தில் பிள்ளை இழுப்பதை நிறுத்தியது.

பீர்க்கு பூக்கிற நேரத்தில் அடங்கிவிட்டது.

ராக்கு அழவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு, “அப்பா, காஞ்ச துணி இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

கூரை ஒழுகி வீட்டில் எல்லாத் துணியும் நனைந்து கிடந்தது. உடையப்பன் தேடினார். பூக்கூடை மேல் போடுகிற வெள்ளைத் துணி ஒன்றுதான் அடுப்பு மேலே காயப் போட்டது, காய்ந்திருந்தது. அங்கங்கே மஞ்சள் கறையோடு அதைக் கொண்டுவந்து கொடுத்தார். ராக்கு அதில் பிள்ளையைச் சுற்றி அவரிடம் நீட்டினாள்.

விடியும்போது மழை விட்டிருந்தது. காற்றும் நின்றிருந்தது. அத்தனை நாளில் முதல் தடவை.

உடையப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வடக்கே நடந்தார். கூட வர ஊரில் யாருக்கும் தெம்பு இல்லை. சாமியம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. அவளிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மணல்மேட்டைத் தாண்டினால் சுடுகாடு. செத்துப் போனால் தவிர அந்தப் பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுப்பதில்லை.

சின்னக் குழிகள் இரண்டும் எங்கே இருந்தன என்று அவருக்குத் தெரியும். போய்ப் பார்த்தால் மண்ணே தெரியவில்லை. கொடி மூடிக் கிடந்தது. புயல் மேட்டுக்கு அந்தப் பக்கமே அடித்துவிட்டுப் போயிருந்தது. இங்கே ஒரு இலைகூடக் கிழியவில்லை.

பரங்கிக் கொடி.

அவருக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம் இரண்டாவது பிள்ளையைப் புதைத்த பிறகு, ராக்கு ஒரு பரங்கிக் கீற்றைக் கொடுத்து விட்டிருந்தாள். மசக்கையில் அவள் ஆசைப்பட்டுத் தின்றது. வயிற்றில் இருந்ததும் அதற்குத்தானே ஆசைப்பட்டிருக்கும் என்று குழி மேலே படைக்கச் சொன்னாள். இவர்தான் கொண்டுவந்து வைத்தார். விதையோடு வைத்தார்.

ஒரு கையால் கொடியை விலக்கினார். காலில் ஏதோ கல் இடறியது. காலால் தள்ளினார். அது கல் மாதிரி நகரவில்லை, உருண்டது. அதைக் குனிந்து பார்க்கவில்லை. பிள்ளை கையில் இருந்தது.

சாமியம்மா வெட்டினாள். ஈர மணல், சீக்கிரம் குழி ஆகிவிட்டது. அவர் இறங்கி வைத்தார். வெள்ளைத் துணியின் ஓரத்தை இழுத்து முகத்தை மூடினார். கையாலேயே மண்ணைத் தள்ளினார்.

பிறகு அங்கேயே உட்கார்ந்தார். எழுந்து போக அவருக்கு ஓர் இடமும் இல்லை. நேர்த்தி முடிந்துவிட்டது. பிள்ளை மண்ணில் விழும்வரை என்றுதானே நேர்ந்துகொண்டார்? மண்ணில் விழுந்துவிட்டது.

சாமியம்மாவும் உட்கார்ந்தாள்.

கிழக்கு வெளுத்தது. உடையப்பனின் விரல்கள் பழக்கத்தில் அசைந்தன. அவர் கையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார்.

முன்னால் ஒரு மலட்டுப்பூ முறுக்கு அவிழ்ந்து மெல்ல மெல்ல விரிந்தது. எத்தனையோ விடியலில் எத்தனையோ பூவைக் கையில் எடுத்தவர், ஒன்றுகூட விரிந்து அவர் பார்த்ததில்லை. உள்ளே நடுவில் ஒரு தண்டு, அதில் மஞ்சள் பொடி. தன் நகக்கண்ணில் இருக்கிற அதே பொடி என்று பார்த்ததுமே அவருக்குத் தெரிந்தது.

புன்னை மரத்துப் பக்கமிருந்து ஒரு தேனீ வந்தது.

கை விசிறியைத் தேடியது. விசிறி இல்லை.

தேனீ பூவுக்குள் இறங்கியது. புரண்டது. வெளியே வரும்போது முதுகு, கால் எல்லாம் பொடி அப்பி மஞ்சளாக இருந்தது. பறக்க முடியாமல் பறந்து, பக்கத்தில் பிஞ்சோடு இருந்த பூவுக்குள் நுழைந்தது. அங்கேயும் புரண்டது. அங்கிருந்து வரும்போது அதன் மேல் பொடி பாதிதான் இருந்தது.

உடையப்பன் அசையவில்லை.

இன்னொரு தேனீ வந்தது. அதுவும் முதலில் மலட்டுப்பூ, பிறகு பிஞ்சுப்பூ. பிறகு நிறைய வந்தன. சுடுகாடு முழுக்க ரீங்காரம்.

வெளிச்சம் இலைகளுக்கு அடியில் இறங்கியது. அவர் காலால் உருட்டியது பரங்கிக்காய். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூத்த பிள்ளையின் குழி மேலே ஒன்று, பானை அளவுக்கு. இரண்டாவது பிள்ளையின் குழி மேலே மூன்று. அதைத் தாண்டி மேட்டுச் சரிவு முழுக்க, எண்ணத் தேவையில்லாத அளவுக்கு, பெருத்துப் பழுத்து மண்ணில் உட்கார்ந்திருந்தன. ஊர் முழுக்கப் புயல் மாசம் பூராவும் தின்றாலும் தீர்ந்திருக்காது.

சாமியம்மா எழுந்து ஒரு காயைக் காம்போடு ஒடித்தாள். மண்ணைத் துடைத்து அவரிடம் நீட்டினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழுது அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ராக்கு பசியாக் கெடக்கா. கொண்டு போங்க. ஊர்லயும் சொல்லிடுங்க, வந்து எடுத்துக்கட்டும்.”

“பிள்ளைங்க மேல வெளைஞ்சதையா தாயே? ஊரு திங்குமா?”

“பசிக்குதுல்ல. திங்கும்.”

கையில் வாங்கினார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே கையில் இருந்ததைவிட அது கனமாக இருந்தது. மாரோடு அணைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டு அடி நடந்தார். நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பதில் தெரியும். இருந்தாலும் யாராவது வேறு ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது.

“ஊரு முழுக்க வெம்பிப் போச்சு. இங்க மட்டும் எப்படித் தாயே காய்ச்சுது?”

சாமியம்மா மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

“சுடுகாட்டுப் பூ சாமிக்கு ஆகாதுன்னு, இங்க மட்டும் நீங்க வரலையே பெரியவரே.”